அடுத்த பாகத்தில் இடம்பெறுவோர் எவர்?
புராதன கால வியூக விளையாட்டுகளும் ஆட்டக்காரரின் வரலாற்று வேட்கையும்

நாவலொன்றின் இரண்டாம் பாகத்தை எதிர்பார்க்கும் வாசகன் கதை எங்ஙனம் முடிந்தது என்பதை அறிய விழைகின்றான். வியூக விளையாட்டொன்றின் அடுத்த பாகத்தை வேண்டிநிற்கும் ஆட்டக்காரனின் நிலை வேறு. முடிவு அவனுக்குத் தெரிந்ததே; அதனைப் பன்முறை தானே நிகழ்த்தியுமிருக்கின்றான். விதிகளில் மாற்றம், வரைபடத்தில் விரிவு, ஆடத்தக்க மக்கட் கூட்டங்களுள் தன் கூட்டத்துக்கும் ஓர் இடம் ஆகியனவே அவன் கேட்பவை. விளையாட்டு புராதன காலத்தைக் களமாகக் கொண்டதாயின், அவ்வேண்டுகோள் கடந்த காலம் எவ்வாறு இருந்திருத்தல் வேண்டும் என்பது பற்றிய ஒரு கருத்தாகவும் அமைந்துவிடுகின்றது. அக்கருத்தினையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

கணினி விளையாட்டினைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளல் தகுமோ என ஐயுறுவோர் இருப்பர். மட்டக்களப்பு வடமோடிக் கூத்தும் ஒருகாலத்திற் பல்கலைக்கழக வாயிலுக்கு வெளியிலேயே நின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளிற் பேராதனையில் அதனை மேடையேற்றிய பின்னரே நம்மவர் பலர் அதைக் கலையென ஏற்றனர். இன்றைய இளைஞர் பண்டைய அரசுகள் பற்றி அறிவனவற்றுட் பெரும்பகுதி பாடநூலினின்றும் வந்ததன்று. திரையில் விரியும் வரைபடத்தினின்றும் வந்தது. அவ்வரைபடத்தைப் படிக்காது விடுதல் ஆய்வாளர்க்கு அழகன்று.

இந்நோக்கிற்கு ஓட்டமாவடியைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே வாழைச்சேனைக் களப்பின் கரையில், முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர் அது. அடுத்துள்ள வாழைச்சேனையிலும் சுற்றுப்புறங்களிலும் தமிழர் வாழ்கின்றனர். புகையிரதமும் பேருந்தும் ஒரே இரும்புப் பாலத்தை முறைவைத்துப் பகிர்ந்து கடந்த காலத்தை அவ்வூர்ப் பெரியவர்கள் இன்னும் மறந்திலர். அங்கு இரு சமூகங்களையுஞ் சேர்ந்த மாணவர் சிலரோடு இவ்விளையாட்டுகள் பற்றி உரையாட நேர்ந்தது. அடுத்த பாகத்தில் எது வேண்டும் என வினவினோம். “சோழரப் போடோணும் சேர், முதல்லயிருந்தே” என்றார் ஒருவர். எல்லாளனைக் கேட்டார் மற்றொருவர். மூன்றாமவர் சற்று நேரம் பேசாதிருந்து, “அதுக்குள்ள நாங்க எங்க சேர் இருக்கம்?” என்று கேட்டார். முதலிரு விடைகளும் எதிர்பார்த்தவையே. மூன்றாவதான வினா நம்மை விட்டகலவில்லை.

புராதன காலத்தை நிகழ்நேர வியூக ஆட்டமாகப் பரவலாக்கியது 1997இல் வெளிவந்த ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்’ ஆகும். அதில் இடம்பெற்ற 12 நாகரிகங்களுள் எகிப்தியர், கிரேக்கர், பாபிலோனியர், பாரசீகர் முதலாகக் கிழக்காசிய மக்கள் வரை உளர். தென்னாசியர் ஒருவரும் இலர். சிந்துவெளி நகரங்கள் இல்லாத ஒரு புராதன உலகு! 1999இல் வந்த இரண்டாம் பாகமோ மத்திய காலத்துக்குச் சென்றுவிட்டது. அதில் 2013ஆம் ஆண்டின் விரிவாக்கம் ‘இந்தியர்’ என்ற ஒரே பெயரின் கீழ் ஓர் உபகண்டத்தையே அடைத்தது. 2022இல் அது பிரிக்கப்பட்டபொழுது வங்காளர், கூர்ஜரர் ஆகியோருடன் ‘திராவிடர்’ என்றொரு நாகரிகம் தோன்றிற்று. இராசேந்திர சோழனின் படையெடுப்புகள் தனிக் கதைத்தொடராயின. தமிழ் ஆட்டக்காரர் மகிழ்ந்தனர். கால்டுவெல் 1856இல் ஒரு மொழிக்குடும்பத்துக்கு வழங்கிய பெயர் இங்கு ஓர் அரசின் பெயராகியது பற்றிப் பெரும்பாலோர் கவலை கொள்ளவில்லை. கொடி கிடைத்தது, அது போதுமாயிருந்தது.

கொடியை வேண்டுதல் ஆட்டக்காரரின் வேட்கைகளுள் ஒன்று மாத்திரமே. விதியை மாற்றக் கோரும் வேட்கையும் உண்டென்பதற்குச் சிறந்த சான்று சுவீடனின் பரடொக்ஸ் நிறுவனத்தினது. அந்நிறுவனம் 2008இல் ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ்: ரோம்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அதன் வழித்தோன்றலாக 2019 ஏப்ரலில் வந்தது ‘இம்பெரேற்றர்: ரோம்’. கி.மு. 304இல் தொடங்கும் இவ்வாட்டத்தின் வரைபடம் மத்தியதரைக் கடலோடு நில்லாது இந்திய உபகண்டத்தையும் இலங்கையையும் உள்ளடக்கியது. பாண்டிய நாட்டிலிருந்தேனும் அநுராதபுரத்திலிருந்தேனும் வரலாற்றைத் தொடங்க வழியேற்பட்டது. அடுத்த பாகத்திடம் எதிர்பார்க்கப்பட்ட விரிவு முழுமையாகக் கிடைத்ததென்றே சொல்லல் வேண்டும். இருந்தும் ஆட்டக்காரர் நிறைவு கொள்ளவில்லை. ஏன்?

வெளியான வேளையில் அவ்வாட்டத்தில் அரசன் நான்கு வகை ‘ஆற்றல்களை’ மாதந்தோறும் ஈட்டினான். அவை சேர்ந்தபின் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு தொகுதி மக்களின் மதம் மாறும். வேறொரு பொத்தானை அழுத்தினால் அவர்தம் பண்பாடு மாறும். அடிமைகள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்க்கப்படுவர். யாவும் அக்கணமே நிகழும். ஆட்டக்காரர் இதனை வன்மையாகக் கண்டித்தனர். மக்கள் காசு கொடுத்து வாங்கும் சரக்கல்லர், மாற்றம் தலைமுறைகளில் நிகழ்வது என்பது அவர்தம் வாதத்தின் சாரம். 2019இன் பிற்பகுதியில் வந்த திருத்தத்தில் அவ்வாற்றல்கள் நீக்கப்பட்டன. மத மாற்றமும் பண்பாட்டு மாற்றமும் மெதுவாக நிகழும் போக்குகளாயின. நுகர்வோர் எனப்படுவோர் ஒரு வரலாற்றுத் தவற்றினைச் சுட்டி, அதனைத் திருத்துவித்த நிகழ்ச்சி இது. வரலாற்றாசிரியர் பலர் தம் நூல்களில் இன்னும் செய்யாத திருத்தம் என்றுங் கூறலாம்.

அத்திருத்தத்தின் எல்லையும் நோக்கற்பாலது. மாற்றம் மெதுவாயிற்றேயன்றி அதன் திசை மாறவில்லை. ஆளும் பண்பாட்டை நோக்கியே அனைவரும் நகர்ந்தனர். 2020இல் வந்த மற்றொரு திருத்தம் இதிலும் ஓரடி முன்சென்றது. மாறாதிருக்கும் பண்பாட்டினர்க்கும் குடியுரிமை வழங்கலாம் என்ற விதி சேர்க்கப்பட்டது. அதனோடு பிணைந்த நிபந்தனை ஒன்றுண்டு: புதியோர்க்கு உரிமை வழங்கப்படுமிடத்து ஏற்கெனவே உரிமை பெற்றோரின் திருப்தி குன்றும். இதனை ஸ்ரொக்ஹோமில் இருந்து வகுத்தோர் உரோமக் குடியரசையும் அதன் இத்தாலிய நேச நாடுகளையும் மனங்கொண்டே வகுத்திருப்பர். மலையகத் தமிழரை நாடற்றோராக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தை அறிந்த நமக்கோ அந்நிபந்தனை வேறு விதமாகவே ஒலிக்கின்றது. ஒருவரின் உரிமை மற்றவரின் இழப்பு என்பது இயற்கை விதியன்று. சில மனிதர் வேண்டிப் பரப்பிய எண்ணம். விளையாட்டு அதனை எண்கணிதமாக்கித் தரும்பொழுது அது இயற்கைபோலத் தோன்றுகின்றது. இவ்விதியை மாற்றும்படி ஆட்டக்காரர் பெருங்குரல் எழுப்பியதாக நாமறியோம். 2021இல் அவ்வாட்டத்தின் வளர்ச்சிப் பணியும் நிறுத்தப்பட்டது.

கொடி பற்றிய வேட்கைக்கு மீள்வோம். 1991இல் தொடங்கிய ‘சிவிலைசேஷன்’ வரிசையின் ஏழாம் பாகம் 2025 பெப்ரவரியில் வெளிவந்தது. முன்னைய பாகங்களில் ஒரு மக்கட் கூட்டத்தைத் தெரிந்தவர் கி.மு. 4000இலிருந்து விண்வெளிக் காலம் வரை அதே கூட்டமாகவே இருப்பர். ஏழாம் பாகத்தில் ஆட்டம் மூன்று யுகங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு யுகத்திலும் வேறொரு நாகரிகத்தை மேற்கொள்ளுமாறு விதிக்கப்பட்டது. இந்திய வழியிற் செல்பவர் முதலில் மௌரியராகவும் பின்னர் சோழராகவும் ஈற்றில் முகலாயராகவும் ஆகலாம். மௌரியர் எவ்வாறு சோழராயினர் என்று தமிழ் மாணவன் நகைப்பது நியாயமே. ஆயினும் உலகெங்கும் ஆட்டக்காரர் எழுப்பிய கண்டனம் இப்பிழையோடு நிற்கவில்லை. ஒரு மக்கள் ஆதி முதல் அந்தம் வரை ஒரே மக்களாக நிற்க வேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கையாயிற்று. ஓட்டமாவடி மாணவர் ‘முதல்லயிருந்தே’ என்றதும் அதுவே.

இங்கு நாம் ஆட்டக்காரரோடு முரண்படுகின்றோம். ஏழாம் பாகத்தின் விதி செம்மையற்றது. ஆனால் அது தொட்ட உண்மை பெரிது. ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன சிங்கள அடையாளம் பற்றி 1979இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, ‘சிங்களர்’ என்ற பெயர் முதலில் ஆளுங் குழாத்தைச் சுட்டிப் படிப்படியாகவே விரிந்த பொருளைப் பெற்றதென வாதிட்டது. அதற்காக அவர் கேட்ட வசைகள் பல. தமிழர் என்ற பெயரின் வரலாற்றையும் அதே கண்டிப்போடு நோக்கும் துணிவு நமக்கு வேண்டும். என்றுமுள ஓரினம், அதற்கு என்றுமுள ஒரு பகைவன் என்ற வரைபடத்தை வைத்துக்கொண்டு இத்தீவில் ஆடப்பட்ட ஆட்டம் கணினியில் ஆடப்பட்டதன்று.

மூன்றாம் மாணவரின் வினா இவ்விடத்திலேயே கூர்மை பெறுகின்றது. தொடக்கம் முதல் முடிவு வரை மாறாத கொடிகளே ஆட்டக்காரருக்கு உண்டெனில், கிழக்கிலங்கை முஸ்லிம்கள் எந்தக் கொடியின் கீழ் நிற்பர்? வியப்பிற்குரிய செய்தி யாதெனில், ஏழாம் பாகத்தின் சோழர் பகுதியிலேயே அவ்வினாவுக்கு அரைகுறை விடை ஒன்றுண்டு. சோழருக்குரிய சிறப்புக் கட்டடங்கள் இரண்டு: மணிக்கிராமம், அஞ்சுவண்ணம். இரண்டும் அருகருகே அமையின் ‘ஐந்நூற்றுவர்’ என்னும் வணிகக் குடியிருப்பு உருவாகும். ஐந்நூற்றுவரின் தமிழ்க் கல்வெட்டுகள் பதவியா, வாகல்கடை முதலிய இடங்களில் இத்தீவிலேயே கிடைத்துள்ளன. அஞ்சுவண்ணமோ மேற்காசிய வணிகரின் கணம். கி.பி. 849ஐச் சேர்ந்த கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அதன் பெயருண்டு. சாட்சியிட்டோர் அரபு, பாலவி, எபிரேய எழுத்துகளில் ஒப்பமிட்டுள்ளனர். ஒரே ஆவணத்தில் இத்தனை எழுத்துகள்! ஆட்டத்தில் அது ஒரு கட்டடம். ஆட்டக்காரனின் கருவூலத்துக்கு வளஞ் சேர்ப்பது. அதற்கு வாயில்லை, குடும்பமில்லை, திருமணமில்லை. கடல்வழி வந்தோர் இவ்வூர்ப் பெண்களை மணந்து தமிழ் பேசும் ஒரு சமூகமாகியமையே வரலாற்றின் பெருநிகழ்வு. அதற்கு ஆட்டத்தில் விதியில்லை.

மட்டக்களப்புப் பிரதேசத்தின் குடி முறையை ஈண்டு நினைவுகூர்தல் தகும். தாய்வழி வரும் குடி, மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அழைத்துக்கொள்ளும் வழக்கு ஆகியன தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக விளங்கியதை டெனிஸ் மக்கில்வ்றேயின் 2008ஆம் ஆண்டு நூல் விரிவாகக் காட்டுகின்றது. கோயிலிலும் பள்ளிவாசலிலும் பொறுப்புகள் குடிவழி பகிரப்பட்டன. இம்பெரேற்றர் ஆட்டத்தின் அட்டவணையில் மதம் ஒரு நிரல், பண்பாடு மற்றொரு நிரல். மதம் இரண்டாகவும் குடி ஒன்றாகவும் இருக்கும் மக்களை அவ்வட்டவணை எந்நிரலில் எழுதும்?

போரே வேண்டுமாயினும் இப்பிரதேசத்தில் அதற்குக் குறைவில்லை. முக்குவர்க்கும் திமிலர்க்கும் இடையே நிகழ்ந்ததாகக் கூறப்படும் போரில் பட்டாணியரான முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணை நின்றனர் என்பது வாய்மொழி மரபு. துரத்திச் சென்றோர் வந்து ஆறிய இடம் வந்தாறுமூலை, பகைவரைக் கண்ட இடம் சத்துருக்கொண்டான் என ஊர்ப்பெயர்களுக்கு விளக்கமும் சொல்வர். பெயராய்வாளர் இவற்றை ஏற்காதிருக்கலாம். கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள வந்தாறுமூலைக்கு நாள்தோறும் பேருந்தில் வருவோர் ஒரு பழைய போரின் வரைபடத்தின் மீதே பயணஞ் செய்கின்றனர் என்பது மாத்திரம் உறுதி. அம்மரபில் நமது கவனத்துக்குரியது யார் வென்றார் என்பதன்று. மதத்தால் வேறுபட்ட இருசாரார் ஒரு கடலோர நிலத்திற்காக ஒன்றாக நின்றனர் என மக்கள் நினைவுவைக்க விரும்பியமையே.

இனி உழைப்புப் பற்றி. ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தில் 60 அளவு மரம் செலவிட்டால் எங்கும் ஒரு வயல் தோன்றும். ஆறு வேண்டா, குளம் வேண்டா, மாரி வேண்டா. விளைந்தது முழுவதும் ஆட்டக்காரனின் பொதுக் களஞ்சியத்துக்குச் செல்லும். உழுபவனுக்கும் களஞ்சியத்துக்கும் இடையில் ஒருவருமில்லை. மட்டக்களப்பு வயலில் அந்த இடைவெளியிலேயே சமூகம் முழுவதும் நிற்கின்றது: நிலத்துக்குரிய போடியார், வேலையை மேற்பார்க்கும் முல்லைக்காரர், நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டை விதானை, கூலிக்கு இறங்குவோர். விளைச்சல் எவ்வாறு பிரிபட்டது என்பதே அவர்களிடையேயான வரலாறு. அதனை நீக்கிவிட்டு அரசர்களை மாத்திரம் பெருக்குதல் நாற்றில்லாத வயலுக்கு வரம்பு கட்டுவதை ஒக்கும்.

விளையாட்டு வகுப்போரை மாத்திரம் இதற்காகக் குறைகூறல் பொருந்தாது. கீழைத்தேய அரசு பற்றிய ஒரு பழைய கோட்பாடு அவர்கள் அறியாமலே அவர்கள் விதிகளுக்குள் புகுந்திருக்கின்றது. கார்ல் விற்ஃபோகல் 1957இல் வெளியிட்ட நூலில், பெரு நீர்ப்பாசனம் இருந்தவிடத்து அனைத்தையும் ஆளும் மைய அதிகாரம் தவிர்க்கவியலாது தோன்றும் என்றார். எட்மண்ட் லீச் இரண்டாண்டுகளின் பின் இலங்கையைச் சான்றாகக் கொண்டே அதனை மறுத்தார். பெருங்குளங்கள் ஒரே மன்னனின் ஆணையால் ஒரே மூச்சில் எழுந்தவையல்ல, பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்தவை. சிறுகுளங்களைக் கிராமத்தவர் தாமே பேணினர் என்றார் அவர். 1971இல் குணவர்த்தனவும் இவ்விவாதத்தை மேலுஞ் செம்மைப்படுத்தினார். ஆட்டத்திலோ விற்ஃபோகலே இன்றும் வெற்றிபெறுகின்றார். மேலிருந்து அனைத்தையும் காணும் ஒரு கண், அனைத்தையும் ஏவும் ஒரு கை. அந்தக் கண்ணாகவும் கையாகவும் இருப்பதிலுள்ள இன்பத்தை நாமும் மறுக்கவில்லை. இக்கட்டுரைக்கென ஆடத்தொடங்கி விடியும்வரை ஆடியிருந்த நாள்களும் உள.

வாழைச்சேனைக் களப்பை வந்தடையும் மாதுறு ஓயாவின் மேற்பகுதியில், மகாவலித் திட்டத்தின் கீழ் எண்பதுகளின் தொடக்கத்தில் அணை கட்டியபொழுது, நவீனப் பொறியியலாளர் தெரிந்த அதே இடத்திற் பழைய அணையும் அதன் துருசும் மண்ணுக்குள் இருந்து வெளிப்பட்டன. அதன் காலம் பற்றி ஒருமித்த கருத்தில்லை. அதனைக் கட்டியவர் பேசிய மொழியை அச்செங்கற்கள் நமக்குச் சொல்வதுமில்லை. ஓட்டமாவடியின் ‘புராதன காலம்’ என நாம் கைநீட்டிக் காட்டக்கூடியது எல்லாளனின் கொடியன்று; இத்துருசே.

அடுத்த பாகத்திற்கான விதிகளை வேறெங்கும் தேட வேண்டியதில்லை எனவும் தோன்றுகின்றது. நிலத்திற் கோடு கீறி ஆடும் ஆடுபுலி ஆட்டத்தில் இருசாராரும் சமமானவரல்லர். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள் என்பது பரவலான ஒரு வகை. புலி தாவி வெட்டும், ஆடு வெட்டாது. ஆடுகள் வெல்வது புலிகளை அசையவிடாது சூழ்ந்து நிற்பதனால். (இம்மண்ணில் அவ்விலங்கின் பெயருக்கு வேறு நினைவுகளும் உண்டு, அவை ஈண்டு வேண்டா.) கணினி ஆட்டங்கள் பெரும்பாலானவற்றில் எல்லா நாகரிகங்களுக்கும் ஒரே இலக்கு, ஒரே வகை வெற்றி. பலத்தாற் குறைந்தோர் வேறு விதியில் ஆடி வேறு விதமாக வெல்வர் என்பதை நமது கிராமத்துச் சிறுவர் கூழாங்கற்களைக் கொண்டு அறிந்திருந்தனர்.

இன்னொரு குறையும் உண்டு. இவ்வாட்டங்களில் மாண்டோர் எண்ணிக்கையிற் கழிக்கப்படுவர், புதைக்கப்படுவதில்லை. எல்லாளனை வேண்டிய மாணவர், துட்டகைமுனு வீழ்ந்த பகைவனுக்கு நினைவிடம் எழுப்பி, அதனைக் கடப்போர் மரியாதை செய்யுமாறு பணித்ததை மகாவம்சமே கூறுகின்றது என்பதை அறிந்திருக்கவில்லை. வாகரைக்கு வடக்கே கதிரவெளியில் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் உள. புராதன மனிதர் இப்பக்கத்தில் நமக்கு விட்டுச்சென்றவற்றுள் அவர்தம் கல்லறைகளே தெளிவானவை. ஓட்டமாவடியின் பெயர் நாடெங்கும் ஒலித்ததும் ஓர் அடக்கத்தலத்தினாலேயே. கொவிட் தொற்றினால் இறந்தோரை எரித்தல் 2020இற் கட்டாயமாக்கப்பட்டது. முஸ்லிம்களின் நீண்ட போராட்டத்தின் பின் 2021 பெப்ரவரியில் அவ்விதி தளர்த்தப்பட, மார்ச் முதல் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் உடல்கள் மஜ்மா நகருக்குக் கொண்டுவரப்பட்டன. இறந்தவரைத் தம் வழக்கப்படி அடக்கஞ் செய்யும் உரிமைக்காக ஒரு மக்கள் அரசோடு போராடுதல் எந்த வியூக விளையாட்டின் விதிகளிலும் இல்லை. சொபொக்கிளிசின் ‘அன்ரிகனி’ கிரேக்கருடைய நாடகம். கிரேக்கரை வைத்து ஆட்டம் வகுத்தோர் அதனையேனும் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

இவற்றையெல்லாம் அம்மாணவரோடு பேசினோம். சோழரைக் கேட்டவர் விட்டுக்கொடுக்கவில்லை. குளமுங் கல்லறையும் இருக்கட்டும், சோழரும் இருக்கட்டும் என்றார். அதில் நியாயமில்லையென்று கூற நம்மால் இயலவில்லை. நாங்கள் எங்கே என்று கேட்டவர் வேறொன்று சொன்னார். ஆட்டக்காரன் அரசனாகாது வட்டை விதானையாகட்டும். துருசிலிருந்து ஆட்டம் தொடங்கட்டும். மழை பொய்த்த போகத்தில் யாருக்கு முதலில் நீர் என்று அவன் தீர்மானிக்கட்டும். யாவரும் இசைந்தனர். கொப்பியொன்றைத் திறந்து விதிகளை எழுதத் தொடங்கினோம். இரண்டாம் பக்கத்தில் அவரே இடைமறித்து, “அப்ப கடைசி வாய்க்கால்ல இருக்கிறவனுக்கு என்ன விதி சேர்?” என்றார். அன்று அதற்குமேல் எழுதப்படவில்லை.